கன்றும் நாகும்: சேதுநாட்டு ஆநிரை வரலாற்றில் ஒரு கூறு

தமிழகக் கல்வெட்டுகளுள் விளக்கறம் கூறுவன மிகப் பல. நந்தா விளக்கெரிக்க அளிக்கப்பெற்ற ஆடும் பசுவும் அவற்றுள் ‘சாவா மூவா’ என்னும் அடையுடன் குறிக்கப்பெறும். எண்ணிக்கை குன்றாமையே இத்தொடரின் பொருள் என அறிஞர் கூறுவர். அது பொருத்தமே. ஆயினும், குன்றாமல் காத்தது எது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. பசு மூப்புறும், சாகும். சாவாதது நிரையேயன்றிப் பசுவன்று. நிரை நிலைபெற வேண்டின், ஆண்டுதோறும் பெண்கன்றுகள் சில பிழைத்து வளர்ந்து சினைகொள்ளல் வேண்டும். கல்வெட்டு நெய்யை அளந்து எழுதிற்று. இடையன் தலைமேற் கொண்ட உண்மைப் பொறுப்போ கன்று வளர்த்தலே என்பது எம் கருத்து. இராமநாதபுரமும் இராமேசுவரக் கடற்கரையும் உள்ளிட்ட சேதுநாட்டு ஆநிரை வழக்கம் இக்கருத்திற்கு அரண் செய்கின்றது.

முதற்கண் கணக்கைக் காண்போம். தெளிவாகக் கிடைப்பது சோழநாட்டுக் கணக்கு. தஞ்சைப் பெருங்கோயிலில் முதலாம் இராசராசன் (985–1014) காலத்து ஏற்பாட்டின்படி, ஒரு விளக்கிற்கு ஆடு 96, அன்றிப் பசு 48, அன்றி எருமை 16 விடப்பெற்றன. நாளொன்றுக்கு அளக்க வேண்டிய நெய் ஓர் உழக்கு. ஆண்டிற்கு 365 உழக்கு ஆகும். இதனை 48 பசுக்களுக்குப் பங்கிடின், பசு ஒன்றிற்கு எட்டு உழக்கும் முழுமையாக வாராது. அஃதாவது, ஓராண்டு முழுதிற்கும் இரண்டு நாழிக்குட்பட்ட நெய். இச்சிறு தேவைக்கு இத்துணைப் பசுக்கள் ஏன்? பால் வற்றியவற்றையும் சினையுற்றவற்றையும் கழித்தபின்னும், கன்றின் வாய்க்கும் இடையன் குடிக்கும் உரிய பங்கு விடப்பெற்றது என்று கொள்வதே பொருந்தும். கன்றின் பாலை முற்றக் கறந்து விளக்கேற்றியிருப்பின், சில ஆண்டுகளில் நிரையும் அவிந்திருக்கும், விளக்கும் அவிந்திருக்கும்.

இனிச் சொல்வழக்கு. தொல்காப்பிய மரபியல் ஆவின் இளமைப் பெயராகக் கன்று என்பதனைக் கூறும். குழவி என்பதும் அதற்கு உரித்தாகும். எருமை, மரை, பெற்றம் ஆகியவற்றின் பெண்மைப் பெயர் நாகு. கன்று ஈனாத இளம்பசுவையும் பிற்கால வழக்கு நாகு என்றே சுட்டும். நீர்வாழ்வனவற்றுள் நந்தின் பெண்ணிற்கும் மரபியல் இப்பெயரையே தருகின்றது. சங்கு குளித்தலால் பெயர்பெற்ற இக்கடற்கரையில், நீருள் வாழும் நந்தும் நிலத்தில் மேயும் இளம்பசுவும் ஒரு பெயரால் இணைவது நினைந்து மகிழ்தற்குரியது. இன்று ஊர்ப்புறங்களில் நாகு என்பது வழங்கவில்லை. கிடாரி, கிடேரி என்பனவே வழங்குகின்றன. ஆண்கன்று காளங்கன்று எனப்படும்.

கிடாரியின் வயதை ஏடு கொண்டு கணக்கிட்டாரில்லை, பல்லே ஏடு. பாற்பல் விழுந்து முதலிரண்டு பற்கள் முளைப்பது ஏறத்தாழ இரண்டு, இரண்டரை ஆண்டில். பின்னர் நாலு பல், ஆறு பல் என எண்ணி, எட்டும் நிரம்பியதைக் ‘கடை சேர்ந்தது’ என்பர். நாட்டினக் கிடாரி பருவம் எய்தித் தலையீற்றுக் கன்றை ஈனப் பெரும்பாலும் நான்கு ஆண்டளவு செல்லும். பிறந்தவுடன் சீம்பால் கிடையாத கன்றும், குடற்புழுவால் மெலிந்த கன்றும் அப்பருவத்தை எட்டுவது அரிது. முதல் மாதங்களில் இழந்த வளர்ச்சியைப் பின்னர் எத்துணைத் தீனியிட்டாலும் முழுமையாக மீட்டல் இயலாது.

சேதுநாட்டிற்கே சிறப்பாக உரியது கிடைமாட்டு முறை. இந்நாட்டிலும், 1985 வரை இராமநாதபுர மாவட்டத்துள் அடங்கியிருந்த இன்றைய சிவகங்கைப் பகுதியிலும் வளர்வது புலிக்குளம் மாடு. மானாமதுரையை அடுத்த புலிக்குளம் என்னும் ஊரால் இப்பெயர் பெற்றது. அறுவடை கழிந்த வயல்களில் இரவில் நிரையைக் கிடத்தி, எருவிற்குக் கூலி பெறுவர். இங்குப் பசுவைப் பெரும்பாலும் கறப்பதில்லை, பால் கன்றிற்கே. தஞ்சைக் கணக்கில் குறிப்பாகக் கண்டதனை இங்கு வெளிப்படையாகக் காண்கிறோம். கோயில் நெய்யைக் கொண்டது. உழவன் எருவைக் கொள்கிறான். இரண்டிடத்தும் கன்றின் பங்கு காக்கப்பெற்றது. காளங்கன்றுகள் உழவிற்கும் ஏறுதழுவலுக்கும் விலைபோகும். சிலப்பதிகார ஆய்ச்சியர் குரவையில் மணங்குறித்து ஏறு வளர்க்கும் ஆயமகளிர், இக்காளங்கன்று வளர்ப்பின் தொன்மையைக் காட்டுவர். கிடாரியையோ கிடைக்குரியவர் எளிதில் விலைக்குத் தாரார். நிரை சாவாமைக்குரிய முதல் அதுவே.

இம்முதலுக்குத்தான் அண்மைக் காலத்தில் இடர் நேர்ந்துள்ளது. கண்மாய்க் கரையிலும் தரிசிலும் சீமைக்கருவேல் மண்டி மேய்ச்சலைச் சுருக்கிற்று. செயற்கை உரம் கிடைக்கூலியைக் குறைத்தது. உழுபொறி காளங்கன்றின் விலையைக் கெடுத்தது. புலிக்குளம் மாடு தனியினமாக 2012ஆம் ஆண்டில் நடுவணரசின் பதிவேட்டில் இடம் பெற்றது. பதிவு இனத்தின் பெயரைக் காக்கும். நிரையைக் காப்பது வேறு. காளங்கன்று விலைபோகாத ஆண்டில் கிடாரியை விற்றே குடி பிழைக்க வேண்டியதாகின், அவ்வாண்டில் இழந்தது ஒரு மாடன்று. நான்காண்டு கழித்து வரவிருந்த ஈற்றும், அதன் வழிவந்திருக்கும் நிரையுமாம்.