அர்ஜியும் மகஜரும்

எழுத்தால் பிறரை இணங்கச் செய்வதைப் பள்ளிக் கட்டுரைப் பயிற்சி என்றே நம்மில் பலர் எண்ணுகின்றனர். ஆனால் நம் நாட்டு மக்களுக்கு அக்கலை வழிவழியாகப் பயன்பட்ட களம் விண்ணப்பமாகும். சொற்களே இதற்குச் சான்று. 'அர்ஜி' என்பது, முன்வைத்தல் எனப் பொருள்படும் 'அர்ள்' என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது. பலர் ஒப்பமிட்டு அளிக்கும் 'மகஜர்', முன்னிலையாதலைக் குறிக்கும் 'மஹ்ளர்' என்பதன் திரிபு. நேரில் சென்று நிற்க இயலாதவனும் தன் எழுத்தின் வழியே அதிகாரியின் முன் நிற்கிறான் என்பதை இச்சொற்கள் உணர்த்துகின்றன.

அந்த எழுத்தின் வலிமையை வரலாறு கண்டிருக்கிறது. 1852ஆம் ஆண்டு கஜுலு லட்சுமிநரசு செட்டியார் முதலியோர் தோற்றுவித்த சென்னைவாசிகள் சங்கம், இம்மாகாணத்துக் குடிகளின் குறைகளைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு விண்ணப்பித்தது. வரி தண்டுவதற்காகக் குடிகளைத் துன்புறுத்துவது அங்கே விவாதப் பொருளாயிற்று; 1854இல் சித்திரவதை விசாரணைக் குழு அமைந்தது. மக்கள் நேரில் வந்தும் கடிதம் எழுதியும் முறையிட்டனர். கொடுமை நடந்தது உண்மையே என 1855ஆம் ஆண்டு அறிக்கை ஒப்புக்கொண்டது.

அக்காலக் கல்வியிலும் இதற்கு இடமிருந்தது. ஆசிரியர்கள் பலருடைய கடிதங்களைத் திரட்டி வந்து மாணவரைப் படிக்கச் செய்தனர் என்றும், கடிதமும் ஒப்பந்தமும் எழுதப் பழக்கினர் என்றும் பெல்லாரி கலெக்டர் காம்ப்பெல் 1823இல் எழுதியிருக்கிறார்.

இனி, கள்ளக்குறிச்சியை அடுத்த கல்வராயன் மலையை நோக்குவோம். 1976இல் அரசு ஏற்கும்வரை அம்மலையூர்கள் ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தன. அதன் பின்னரும் ஆட்சியரிடம் முறையிட விரும்பிய இப்பகுதியார் முதலில் கடலூருக்கும், 1993க்குப் பின் விழுப்புரத்துக்கும் செல்ல வேண்டியிருந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019ஆம் ஆண்டில்தான். தொலைவு குறைந்தது, எழுதத் தெரியாமை என்னும் தடையோ தொலைவால் வந்ததன்று.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே தம் அனுபவத்தில் உள்ள வன நிலத்துக்குப் பழங்குடியினர் உரிமை கோர வழிசெய்கிறது. கோரிக்கையைக் கிராம சபையிடம் ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகளுடன் அளிக்க வேண்டும். கோருபவர் அல்லாத முதியோர் வாய்மொழியாகக் கூறி, எழுத்தில் வடிக்கப்பட்ட வாக்குமூலமும் அச்சான்றுகளுள் ஒன்று. பாட்டனாரின் நினைவு எழுத்தில் ஏறினால் நிலத்துக்குச் சான்றாகிறது. ஏறாவிடில் அவரோடு மறைந்துவிடுகிறது.

இப்பயிற்சியைத் தொடங்க நம் இல்லமே போதும். தெருக்குழாயில் நீர் வராத செய்தியைப் பிள்ளை எழுதட்டும். யாருக்கு எழுதுகிறோம், என்று முதல் இக்குறை, கண்டவர் யார், வேண்டுவது யாது என்னும் நான்கையும் தாய் கேட்கட்டும். அத்தா அதிகாரியின் இடத்திலிருந்து மறுப்புக் கூறட்டும். பிள்ளை அதற்கு விடை தேடி மீண்டும் எழுதட்டும். வசைச் சொல்லும் மிகைச் சொல்லும் நீங்க, உண்மை வலுப்பெறும். மற்றொரு நாள் பாட்டியார் கூறும் பழஞ்செய்தியைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதி, அவருக்கே படித்துக் காட்டட்டும்.

தன் வழக்கைத் தானே எழுதக் கற்ற பிள்ளை, எழுத்தறியாத அண்டை வீட்டாருக்கும் நாவாக விளங்கும். அக்கல்வியை அளிப்பது பெற்றோரின் கடமையாகும்.