சாம்ராட் யந்திரம் (ஜெய்ப்பூர்)

இராஜஸ்தான் மாநிலம் ஜெய்ப்பூர் நகரில், ஜந்தர் மந்தர் வானாய்வுக்கூடத்தில் உள்ள மாபெரும் சூரியக் கடிகாரம். கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டப்பட்டது. கட்டுவித்தவர் ஆம்பேர் அரசர் இரண்டாம் சவாய் ஜெய்சிங் (1688–1743). உலகின் மிகப் பெரிய கல் சூரியக் கடிகாரமாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. இதே வளாகத்தில் இதன் சிறிய வடிவமான லகு சாம்ராட் யந்திரமும் இருப்பதால், இதைப் 'பிருகத் சாம்ராட்' என்றும் குறிப்பிடுவர்.

அமைப்பு

நடுவில் தென்வடலாக ஒரு முக்கோணச் சுவர் எழுகிறது. இதன் சாய்விளிம்பு ஊரின் அட்சரேகைக்கு ஏற்ப ஏறத்தாழ 27 பாகை உயர்ந்து வட வான்முனையை நோக்குகிறது. அதாவது பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக உள்ளது. சுவரின் இருபுறமும் கிழக்கிலும் மேற்கிலும் 15 மீட்டருக்குச் சற்று மிகுந்த ஆரமுடைய கால்வட்ட விற்கள் அமைந்துள்ளன. காலையில் சுவரின் நிழல் மேற்கு வில்லின் உச்சியில் தொடங்கிக் கீழிறங்கும். நண்பகலில் அடியை அடையும். பிற்பகலில் கிழக்கு வில்லில் மேலேறும். சாய்விளிம்பு பூமியின் அச்சுக்கு இணையாக இருப்பதால் கோடையிலும் குளிரிலும் ஒரு மணிக்கு உரிய இடைவெளி மாறுவதில்லை. நிழல் மணிக்கு ஏறத்தாழ 4 மீட்டர், நிமிடத்துக்கு 6 சென்டிமீட்டருக்கு மேல், நொடிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. சற்று நின்று பார்ப்பவருக்கு அந்த நகர்வு கண்ணுக்கே தெரியும்.

உயரத்தைப் பற்றி நூல்கள் ஒத்துப்போவதில்லை. 27 மீட்டர் என்பது பரவலாக அச்சிடப்படும் எண், 22.6 மீட்டர் என்று தருவோரும் உண்டு. உச்சியிலுள்ள சிறு மண்டபத்தைச் சேர்த்து அளப்பதா விட்டு அளப்பதா என்பது இந்த வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்கலாம்.

முன்வரலாறு

அச்சுக்கு இணையான நிழற்கோலின் பயன் இசுலாமிய வானியலில் முன்பே அறியப்பட்டிருந்தது. 1371இல் இப்னு அல்-ஷாத்திர் டமாஸ்கஸ் உமையாது பள்ளிவாசலுக்கு அமைத்த நிழற்கடிகாரம் அவ்வகையினது. சமர்க்கண்டில் 15ஆம் நூற்றாண்டில் உலுக் பெக் கட்டிய வானாய்வுக்கூடம், பெருங்கட்டடத்தையே கருவியாக்கும் முறைக்கு ஜெய்சிங் அறிந்திருந்த முன்மாதிரி.

கட்டுமானம்: 1724–1738

முகலாயப் பேரரசர் முகம்மது ஷாவின் பெயரால் ஜெய்சிங் பாரசீக மொழியில் உருவாக்கிய 'சிஜ்-இ முகம்மது ஷாஹி' என்ற வானியல் அட்டவணை நூலின் முன்னுரையே இக்காலத்துக்கு முதன்மைச் சான்று. வழக்கிலிருந்த அட்டவணைகள் கண்ணால் காணும் வானத்தோடு பொருந்தவில்லை என்பது அதன் தொடக்கக் குறை. பேரரசரின் அவையில் பயணத்துக்கு நல்ல நேரம் குறிப்பதில் எழுந்த சச்சரவே எல்லாவற்றுக்கும் வித்து என்ற கதை பிற்காலத்தில் பரவியது. அதை உறுதிப்படுத்த வலுவான சான்று இல்லை.

ஜெய்சிங் முதலில் பழைய நூல்கள் சொன்னபடி பித்தளைக் கருவிகளைச் செய்வித்தார். அவை அவருக்கு நிறைவு தரவில்லை. நிமிடக் கோடுகளைப் பொறிக்க இடமில்லாத சிற்றளவு, அச்சு தேய்ந்து ஆடுவது, மையம் இடம்பெயர்வது, தளம் சாய்வது என்று அம்முன்னுரை குறைகளை அடுக்குகிறது. கல்லாலும் சுண்ணாம்பாலும் அசையாத பெருங்கருவிகளைக் கட்டுவதே தீர்வாயிற்று. சாம்ராட், ஜெய்ப்பிரகாஷ், ராம யந்திரம் ஆகிய கருவிகளை ஜெய்சிங்கின் சொந்த ஆக்கமாக நூல் உரிமை கோருகிறது. சாம்ராட்டின் அடிப்படை பழையது, அளவும் கூர்மையும் மட்டுமே புதியவை என்று கொள்வோரும் உளர்.

முதல் கூடம் தில்லியில் எழுந்தது. அதன் ஆண்டாக 1724 பெரும்பாலும் ஏற்கப்படுகிறது. 1721 என்பாரும் உண்டு. அங்கே பின்னாளில் பதித்த கல்வெட்டில் காணப்படும் 1710 தவறு என்பதே ஆய்வாளர் கருத்து. தில்லியில் கண்டவற்றைச் சரிபார்க்க ஜெய்ப்பூர், உஜ்ஜயினி, மதுரா, வாரணாசி ஆகிய நகரங்களிலும் கூடங்கள் அமைந்தன. ஜெய்ப்பூர் நகருக்கே 1727இல்தான் கால்கோள் இடப்பட்டது. அரண்மனையை அடுத்த கூடத்தின் பணி 1728 அளவில் தொடங்கி 1734இல் பெரும்பகுதி முடிந்ததாகவும், சில கருவிகள் 1738 வரை நீண்டதாகவும் கூறுவர்.

பேரளவால் ஒரு சிக்கலும் விளைந்தது. சூரியன் புள்ளியன்று, அரைப் பாகை அகலமுள்ள வட்டு. ஆகவே சுவர் விலக விலக நிழலின் விளிம்பு மங்குகிறது. 15 மீட்டர் தொலைவில் அந்த மங்கல் பட்டை ஒரு சாணைவிடக் குறைவு. நேரக்கணக்கில் சுமார் இரண்டு நிமிடம். கருவிக்கு உரியதாகச் சொல்லப்படும் 2 நொடி நுட்பத்தை வெறும் கண்ணால் எட்டுவது அரிது. பயிற்சி பெற்ற நோக்கர்கள் ஒரு நூலையோ மெல்லிய குச்சியையோ வில்லின் பரப்புக்குச் சற்று மேலே, சாய்விளிம்புக்கு இணையாகப் பிடிப்பர். அதன் மெல்லிய நிழல் மங்கல் பட்டைக்குள் மறையும் இடமே சரியான கோடு. நல்ல வெயிலில் இம்முறை சில நொடிகளுக்குள் நேரம் தருகிறது. இத்தனை பெரிய கட்டடத்தின் துல்லியம் கடைசியில் ஒரு நூலிழையைச் சார்ந்திருந்தது.

விற்களைத் தாங்கும் கட்டடத்துக்குள் சஷ்டாம்ச யந்திரம் எனப்படும் இருட்டறைகள் உள்ளன. கூரையின் சிறு துளை வழியே நண்பகல் வெயில் இறங்கி, 60 பாகை வில்லின்மீது ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் அகலமுள்ள சூரிய பிம்பமாக விழும். அதைக் கொண்டு சூரியனின் உயரத்தையும் வட்டின் அகலத்தையும் அளந்தனர். வெளியே மங்கலுக்குக் காரணமான அதே அரைப் பாகை, உள்ளே அளவைக்கு உரிய பொருளாகிறது.

பாதிரியார் மனுவேல் தெ பிகெய்ரேதோ உள்ளிட்ட குழுவை ஜெய்சிங் போர்ச்சுகலுக்கு அனுப்பினார். அவர்கள் வழியே வந்த பிரெஞ்சு வானியலாளர் லா ஈரின் அட்டவணைகளில் நிலவின் இடம் அரைப் பாகை பிசகுவதாக ஜெய்சிங் கண்டார். ஐரோப்பியர் இவ்வளவு பெரிய கருவிகளைக் கட்டாததே காரணம் என்று முன்னுரை முடிவு செய்கிறது. தொலைநோக்கி அவரிடம் இருந்தது. ஆயினும் அளவைப் பணிக்கு அதை ஏன் முதன்மையாகக் கொள்ளவில்லை என்பதில் கருத்தொற்றுமை இல்லை.

1743க்குப் பின்

ஜெய்சிங்கின் மறைவோடு தொடர் நோக்குகள் குன்றின. வளாகத்தில் ஒரு காலம் பீரங்கிப் பட்டறை நடந்ததாகச் சொல்லப்படுகிறது. மதுராக் கூடம் 1857க்குச் சற்று முன் இடிக்கப்பட்டது.

1901–02 திருத்தப்பணி

இரண்டாம் மாதோ சிங் ஆட்சியில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காரெட் ஜெய்ப்பூர்க் கூடத்தைப் புதுப்பித்தார். அவருக்குத் துணைநின்ற சந்திரதர சர்மா குலேரிக்கு அப்போது இருபது வயது நிரம்பவில்லை. 1915இல் 'உஸ்னே கஹா தா' சிறுகதையால் இந்தி இலக்கியத்தில் நிலைபெற்றவர் இவரே. இருவரும் எழுதிய நூல் 1902இல் வெளிவந்தது. ஜி. ஆர். கே 1918இல் வெளியிட்ட விரிவான ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. சீரமைப்பு பெரிய அளவில் நடந்ததால், இன்று காணும் அளவுக்கோடுகள் அனைத்தையும் ஜெய்சிங் காலத்தவை என்று கொள்வதற்கில்லை.

அண்மைக்காலம்

இவ்வானாய்வுக்கூடம் 1948இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தர் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. யந்திரம் காட்டுவது உள்ளூர்ச் சூரிய நேரம். இந்தியத் திட்ட நேரத்தைப் பெற, ஊரின் தீர்க்கரேகைக்காக ஏறக்குறைய 27 நிமிடம் கூட்டி, நாளுக்கு நாள் மாறும் திருத்தத்தையும் சேர்க்க வேண்டும். இத்திருத்தம் அதிகபட்சமாகச் சுமார் 16 நிமிடம். ஆஷாட பௌர்ணமி நாளில் உள்ளூர்ச் சோதிடர்கள் சுவரின் உச்சிக்கு ஏறி, கொடி பறக்கும் திசையைக் கொண்டு அவ்வாண்டின் மழையைக் கணிக்கும் வழக்கமும் தொடர்கிறது.