மனித உரிமைகள் என்றொரு ஆட்ட மெட்டு

இந்தப் பதிவில் கொஞ்சம் தூரத்து விஷயம். அயர்லாந்து நாட்டு ஆட்ட மெட்டு ஒன்று. பெயர் 'ரைட்ஸ் ஆஃப் மேன்'. அதாவது, மனித உரிமைகள்! ஆடுவதற்கு வாசிக்கிற மெட்டுக்கு யாராவது இப்படிப் பெயர் வைப்பார்களா? இதே வகையில் மற்ற மெட்டுகளின் பெயர்களைப் பாருங்கள்: குயிலின் கூடு, அறுவடை விழா, கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பியாச்சு... இவற்றுக்கு நடுவே இப்படியொரு தலைப்பு எப்படி வந்தது?

முதலில் மெட்டு. இது 'ஹார்ன்பைப்' வகை. கொம்பு பொருத்திய ஒரு பழைய குழல் வாத்தியத்தின் பெயர்தான் ஆட்டத்துக்கும் வந்தது. இங்கிலாந்தில் பிறந்து, 18ஆம் நூற்றாண்டில் நாடக மேடைகளில் மாலுமி ஆட்டமாகப் பேர் வாங்கி, அயர்லாந்துக்குப் போய் அந்த மண்ணின் சொத்தாகவே ஆகிவிட்டது. நாலு எண்ணிக்கைத் தாளம். ஸ்வரங்கள் இரண்டிரண்டாக, ஒன்று நெடில், ஒன்று குறில் என்று துள்ளிக்கொண்டு போகும். வேகம் மட்டாகத்தான் இருக்கும். கனமான காலணி போட்டு ஆடுகிறவர் தரையில் தட்டுகிற ஒவ்வொரு தட்டும் காதில் விழ வேண்டுமே! பகுதி முடிகிற இடத்தில் பல மெட்டுகளில் மூன்று அழுத்தமான தட்டு வரும், நம் நட்டுவாங்கத்தில் தீர்மானம் வருகிற மாதிரி. 'ரைட்ஸ் ஆஃப் மேன்' மெட்டின் ஸ்வரங்கள் நம்முடைய நடபைரவியோடு ஒத்துப்போகின்றன. அதனாலோ என்னவோ, துள்ளலுக்குள் ஒரு கனம் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

இனி தலைப்பு. டப்ளின்காரரான எட்மண்ட் பர்க், பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து 1790ல் ஒரு நூல் எழுதினார். அதற்கு 1791ல் வந்த பதிலடிதான் தாமஸ் பெய்னின் 'ரைட்ஸ் ஆஃப் மேன்'. பெய்ன் பெரிய படிப்பாளி வீட்டுப் பிள்ளை இல்லை. பெண்களின் இடுப்புக் கச்சை தைப்பது குடும்பத் தொழில். ஒரு தலைமுறை எடுத்த முடிவு அடுத்த தலைமுறையைக் கட்டுப்படுத்தாது, அரசாட்சி பரம்பரைச் சொத்து இல்லை என்றார். 1792ல் வந்த இரண்டாம் பகுதியில் ஏழை முதியவர்களுக்கு உதவித்தொகை தர வேண்டும் என்றுகூட எழுதினார். அரசு சும்மா விடவில்லை. அவர் பிரான்சில் இருந்தபோதே 1792 டிசம்பரில் லண்டனில் வழக்கு நடத்தி ராஜதுரோகக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தார்கள்.

அயர்லாந்தில் இந்தப் புத்தகம் காட்டுத்தீயாகப் பரவியது. பெரும்பான்மைக் கத்தோலிக்கர்களுக்கு அப்போது ஓட்டுரிமையே கிடையாது. 1791 அக்டோபரில் பெல்ஃபாஸ்ட்டில் 'ஐக்கிய அயர்லாந்துக்காரர்' சங்கம் தொடங்கியது. மத பேதம் இல்லாமல் எல்லோருக்கும் ஒரே உரிமை என்பது அவர்கள் கோரிக்கை. கடைசியில் 1798ல் கலகம் வெடித்து, பல்லாயிரம் பேர் மாண்டார்கள். தலைவர்களில் ஹென்றி ஜாய் மெக்ராக்கன் ஜூலையில் தூக்கிலிடப்பட்டார். உல்ஃப் டோன் நவம்பரில் சிறையில் இறந்தார்.

மெட்டைக் கட்டியவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் தலைப்பு நின்றுவிட்டது. எனக்குத் தோன்றுவது இதுதான்: புத்தகத்தைப் பறிமுதல் செய்யலாம், எழுதியவரைத் தண்டிக்கலாம். சாகித்யமே இல்லாத ஒரு மெட்டின் மேல் என்ன வழக்குப் போட முடியும்?

இன்னொருவரைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. ஃபிரான்சிஸ் ஓநீல், கார்க் மாவட்டத்தில் 1848ல், பெரும்பஞ்ச காலத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் ஊரை விட்டுக் கப்பலேறி, கடைசியில் சிகாகோ போலீசில் சேர்ந்தார். 1901 முதல் 1905 வரை அந்த நகரத்தின் போலீஸ் தலைவரே அவர்தான். பிழைக்க வந்த அயர்லாந்துக்காரர்களிடமிருந்து மெட்டுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். ஸ்வரம் எழுதிக்கொடுத்தது ஜேம்ஸ் ஓநீல் என்ற சக போலீஸ்காரர். 1903ல் 1,850 மெட்டுகளோடு தொகுப்பு வந்தது. 'ரைட்ஸ் ஆஃப் மேன்' அதிலும் உண்டு. ஊரில் மங்கிக்கொண்டிருந்ததை, ஊரை விட்டு வந்தவர்கள் காப்பாற்றி ஊருக்கே திருப்பிக் கொடுத்தார்கள்.

நான் வேலை பார்க்கும் புனேக்கும் இதில் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. இதே பெய்னின் புத்தகத்தை இளம் வயதில் படித்து மனம் மாறியவர் ஜோதிராவ் பூலே. அவரும் சாவித்ரிபாயும் 1848ல் பெண்களுக்காகப் பள்ளி திறந்தது இந்த ஊரில்தான். அங்கே மெட்டாக நின்றது இங்கே பள்ளிக்கூடமாயிற்று.

வெளியூரில் குடும்பம் நடத்தும் நமக்கு ஓநீல் ஒரு நல்ல பாடம். அம்மாவும் பாட்டியும் பாடுகிற தாலாட்டையும் கும்மியையும் செல்பேசியில் பதிவு செய்கிறோம், நல்லதுதான். கூடவே பாட்டின் பெயர், யார் பாடியது, எந்த ஊர், எதற்காகப் பாடுவார்கள் என்று நாலு வரி எழுதி வையுங்கள். அந்தத் தலைப்பு மட்டும் தொலைந்திருந்தால், இந்த மெட்டுக்குப் பின்னால் இவ்வளவு சரித்திரம் இருப்பது யாருக்குத் தெரிந்திருக்கும்?