சர்க்கரைக்கொல்லி: ஒரு பெயரும் இரு சேர்மங்களும்

முன்னுரை

கல்வராயன் மலையடிவாரத்தில் அமைந்த வடக்கனந்தல், கரும்பு விளையும் வட்டாரத்தைச் சேர்ந்தது. அதனை அடுத்த மலைக்காடுகளில் படரும் சிறுகுறிஞ்சானோ நாவிலிருந்து இனிப்பை அகற்றும் கொடியாகும். இதன் மறுபெயர் சர்க்கரைக்கொல்லி. நீரிழிவைச் 'சர்க்கரை' என்றே வழங்கும் இக்காலத்தில், இப்பெயர் நோய் தீர்க்கும் மருந்தைக் குறிப்பதாகவே பெரிதும் பொருள்கொள்ளப்படுகிறது. இது சுவை பற்றிய பட்டறிவைச் சுட்டும் பெயர் என்பதை ஆய்வு வரலாற்றின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

உதகமண்டல ஆய்வு

இவ்விலையை மென்றபின் சர்க்கரை இனிப்பதில்லை என்னும் எட்ஜ்வொர்த்தின் குறிப்பு 1847இல் இலண்டனில் பதிவாயிற்று. சென்னை அரசின் கொயினா வேதியியலாளராக உதகமண்டலத்தில் பணியாற்றிய டேவிட் ஹூப்பர் இதனை ஆராய்ந்து, 1887இல் 'நேச்சர்' இதழில் முடிவுகளை வெளியிட்டார். இலையை மென்றபின் இனிப்பு மட்டுமன்றிக் கொயினாவின் கசப்பும் மறைந்தது. அது சுண்ணக்கட்டியை ஒத்திருந்தது. புளிப்பும் உவர்ப்பும் மாறவில்லை. இவ்விளைவு ஓரிரு மணி நேரமே நீடித்தது. இதற்குக் காரணமான பொருளுக்கு அவர் ஜிம்னீமிக் அமிலம் எனப் பெயரிட்டார்.

புரதத்தின் வருகை

ஜிம்னீமிக் அமிலம் புரதமன்று. சப்போனின் வகைச் சேர்மங்களின் தொகுதி. இதே இலையிலிருந்து 35 அமினோ அமிலங்களாலான குர்மாரின் என்னும் சிறு புரதத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்து 1991இல் வெளியிட்டனர். இது எலிகளின் இனிப்புணர்வை வலுவாகத் தடுக்கிறது. மனிதரிடம் இதன் விளைவு மிகக் குறைவு. மேற்கு ஆப்பிரிக்கத் தாவரப் புரதங்களான தாமட்டின் தானே இனிப்பது, மிராக்குலின் புளிப்பை இனிப்பாக உணரச்செய்வது. குர்மாரினின் இயல்பு இவற்றுக்கு நேர்மாறானது. அதன் பெயர், வெல்லத்தை அழிப்பது எனப் பொருள்படும் 'குர்மார்' என்னும் இந்தி வழக்கிலிருந்து பிறந்தது. தமிழ்ப் பெயரும் இப்பொருளையே தருகிறது.

முடிவுரை

சர்க்கரையைக் கொல்லும் செயல் நாவில் உடனே சோதித்தறியத்தக்கது. இருமொழி வழக்குகளும் ஒத்த பொருளில் அமைந்தமை, ஆய்வுக்கூடத்திற்கு முன்பே மக்கள் இதனை உணர்ந்திருந்தமையைக் காட்டுகிறது. எனினும், நாவில் இனிப்பு மறைவது குருதியில் சர்க்கரை குறைவதற்குச் சான்றாகாது. அம்மருத்துவப் பயன் தனி ஆய்வுக்குரியது. மனிதரிடம் செயற்படும் அமிலத்தையும் எலிகளிடம் செயற்படும் புரதத்தையும் ஒன்றெனக் கொள்வதும் பிழையாகும். மலைவாழ் மக்களின் மூலிகை அறிவைத் தொகுப்போர், பெயர் சுட்டும் பட்டறிவையும் பின்னர் அதன்மேல் ஏற்றப்பட்ட பொருளையும் வேறுபடுத்திப் பதிவுசெய்தல் வேண்டும்.