சென்னையின் பழைய மீட்பு லாரிகள்

நடுவழியில் நின்றுபோன வண்டியை இழுத்து வரும் லாரியைச் சென்னையில் பிரேக்டவுன் வண்டி என்பார்கள், ரெக்கவரி வேன் என்பார்கள். அந்த வேலைக்கென்றே தொழிற்சாலையில் செய்யப்பட்டவை அவற்றில் குறைவு. சரக்கு லாரியாகவோ பேருந்தாகவோ ராணுவ வண்டியாகவோ ஓடிக் களைத்த சேசிஸில் பட்டறைக்காரர்கள் இரும்புத் தூண் நிறுத்தி, கப்பியும் சங்கிலியும் மாட்டி உருவாக்கியவையே அதிகம். பழைய மீட்பு லாரியை அடையாளம் காண்பதும் காப்பதும் சிக்கலாக இருப்பதற்கு இந்தக் கலப்புப் பிறப்புதான் காரணம்.

இந்தக் கருவியின் மூலக்கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரில் எர்னஸ்ட் ஹோம்ஸ் 1916-இல் தம் காடிலாக் காரில் மூன்று கம்பங்கள், ஒரு கப்பி, ஒரு சங்கிலி ஆகியவற்றைப் பொருத்தினார். ஓடையில் விழுந்த நண்பரின் காரை ஆட்களும் கயிறுமாக மணிக்கணக்கில் போராடித் தூக்க வேண்டியிருந்ததுதான் அதற்குத் தூண்டுதல். அவருடைய நிறுவனம் பின்னாளில் செய்த இரட்டைக் கை அமைப்பு இன்னும் நுட்பமானது. ஒரு கையை ஒரு பக்கம் விரித்து மரத்திலோ பாறையிலோ கட்டிவிட்டு, மறுபக்கக் கையால் பள்ளத்தில் கிடப்பதை இழுக்கலாம், லாரி கவிழாது. இரண்டாம் உலகப் போரில் டயமண்ட் டி 969 லாரிகள் இந்த அமைப்போடு வந்தன. பிரிட்டிஷ் இந்தியப் படையில் வண்டிகளைப் பழுது பார்க்கவும் மீட்கவும் தனிப் பொறியாளர் பிரிவு 1943-இல் உருவானது.

சென்னைக்கு மோட்டார் புதிதல்ல. மவுண்ட் ரோட்டில் குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த சிம்சன் நிறுவனம் 1903-இலேயே நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டியது. ஆனால் மீட்பு லாரியின் வரலாற்றில் 1945-க்குப் பிந்திய ஆண்டுகளே முக்கியம். போர் முடிந்ததும் ராணுவம் கழித்த வண்டிகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. அவற்றில் கனடாவில் வடிவமைத்த ஃபோர்டு, செவர்லே லாரிகள் ஏராளம். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. பாகங்களை இணைத்து லேலண்ட் கோமெட் லாரிகளை உருவாக்க ஆரம்பித்த அந்த நிறுவனம் 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. 1954 முதல் டாடா-மெர்சிடிஸ் வந்தது. பின்னாளைய பிரேக்டவுன் வண்டிகளின் அடித்தளம் பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

அடையாளம் காண, வர்ணத்தையும் பெயர்ப்பலகையையும் நம்பக் கூடாது. முகப்பு முதல் சாட்சி. கனடிய லாரிகளின் கடைசி வகைக் கூண்டில் முன்கண்ணாடியின் மேல்விளிம்பு வெளியே துருத்தி, கீழ்விளிம்பு உள்ளே சாய்ந்திருக்கும். வானத்து வெளிச்சம் கண்ணாடியில் பட்டு எதிரி விமானத்துக்கு இடம் காட்டிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அடுத்தது சேசிஸ் எண்: துருவையும் கிரீசையும் சுரண்டினால் நீளச் சட்டத்தின் இரும்பில் குத்திய எழுத்துகள் தெரியும். ரிவெட் அடித்த இணைப்புகள் தொழிற்சாலைக்கு உரியவை. தூக்குத் தூணைச் சுற்றிப் புடைத்திருக்கும் வெல்டிங் உள்ளூர்ப் பட்டறையின் கைவேலை.

எஞ்சின் மட்டும் நல்ல சாட்சி அல்ல. ஃபோர்டின் வி-8 எஞ்சினும் செவர்லேயின் ஆறு சிலிண்டர் எஞ்சினும் பெட்ரோலைக் குடித்தன. 1950-களில் சிம்சன் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைத் தயாரிக்கத் தொடங்கியதும், பல பெட்ரோல் லாரிகளில் பெர்கின்ஸின் பி-6 டீசல் எஞ்சின் ஏறியது. அப்படி ஒரு வண்டி இன்று கிடைத்தால் பி-6-ஐக் கழற்றி எறிந்துவிட்டு வி-8 தேடி அலைவது தவறு. ஒரு கனடிய லாரி எப்படிச் சென்னை வண்டியாக மாறியது என்பதை அந்த எஞ்சின்தான் சொல்கிறது.

பாதுகாப்பில் முதல் பகை கடற்காற்று. மயிலாப்பூர், அடையாறு போன்ற கரையோரப் பகுதிகளில் திறந்தவெளியில் நிற்கும் சேசிஸின் உள்மடிப்புகளில் உப்பு தங்கித் துரு பிடிக்கும். மேலே வர்ணம் பூசுவதால் மட்டும் அது நிற்காது. கம்பிக் கயிற்றைக் காட்சிக்கு வைக்கலாம். அதில் எடை தூக்கவே கூடாது. கொக்கியின் தேய்மானத்தையும் சங்கிலி உரசிய தழும்பையும் மெருகேற்றி அழித்துவிட்டால் வண்டி செய்த வேலைக்கான தடயமே போய்விடும். ராயப்பேட்டை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு உதிரிபாகக் கடைகளும் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளும் பக்கத்திலேயே இருப்பது சென்னைக்கு வாய்த்த வசதி.

சட்டம்தான் கைகொடுக்கவில்லை. 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதி, ஐம்பது ஆண்டைக் கடந்த வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ எழுத்துகளோடு தனிப் பதிவு தருகிறது. கட்டணம் 20,000 ரூபாய். பதிவு பத்தாண்டுகளுக்குச் செல்லும். ஆனால் சொந்த உபயோகத்துக்கான இருசக்கர வண்டிகளுக்கும் கார்களுக்கும் மட்டுமே அது பொருந்தும். மூல வடிவம் பெரிதாக மாறியிருக்கவும் கூடாது. லாரியாக இருப்பதால் ஒரு முறையும், மாற்றிக் கட்டப்பட்டதால் இன்னொரு முறையும் மீட்பு வண்டி விலக்கப்படுகிறது. இன்னொரு விதிப்படி, 15 ஆண்டைத் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது. போக்குவரத்துக் கழகங்களும் இதற்கு உட்பட்டவை. பணிமனை மூலையில் நிற்கும் பிரேக்டவுன் வண்டிக்கு இனி உடைப்பு நிலையம்தான் கதி.

2015 டிசம்பரில் அடையாறு பெருகிக் கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் மூழ்கியபோது, நீரில் நின்ற கார்களை வெளியே கொண்டுவந்தவை இழுவை வண்டிகள். நகரத்துக்கு இவ்வளவு உழைத்த ஓர் இனம் ஒரு மாதிரிகூட மிஞ்சாமல் மறைவது நியாயமில்லை. வண்டிகளைக் கண்டம் செய்யும் முன் அவற்றின் சேசிஸ் எண், புகைப்படம், தூக்குக் கருவியின் அளவுகள் ஆகியவற்றைப் பணிமனைகள் பதிவுசெய்ய வேண்டும். ஒரு வண்டியையாவது ஏலத்துக்கு விடாமல் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க வேண்டும். ஓட்டாமல் காட்சிக்கு வைக்கும் வண்டிக்கு ‘வி.ஏ.’ பலகை தேவையில்லை.