பிரெஞ்சு மொழிக் கற்பித்தலும் இலக்கியக் குறியியலும்

இலக்கியப் பனுவலைக் குறிகளின் தொகுதியாகக் கொண்டு, அதில் பொருள் எப்படி உருவாகிறது என்று ஆராய்வது இலக்கியக் குறியியல். பிரெஞ்சைப் பிறமொழியாகக் கற்கும் வகுப்பில், அருஞ்சொற்பொருளோடும் கதைச்சுருக்கத்தோடும் நின்றுவிடாமல் பனுவலுக்குள் மாணவரை நுழையச் செய்ய இது உதவுகிறது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இத்துறைக்கு மிகப் பொருத்தமான பனுவல் வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை. அதை எழுதியவர் இம்மண்ணோடு நெருங்கிய தொடர்புடையவர்; கதையோ 1826 முதல் பிரெஞ்சிலும் கிடைக்கிறது.

வரலாறு

பெர்தினான் தெ சொசூர் ஜெனீவாவில் ஆற்றிய மொழியியல் விரிவுரைகள், அவர் மறைந்தபின் 1916இல் நூலாக வெளிவந்தன. குறிப்பான், குறிப்பீடு என்ற இரண்டும் சேர்ந்ததே குறி என்பது அந்நூலின் அடிப்படைக் கருத்து. இதை இலக்கியத்துக்குக் கொண்டுவந்தவர்களில் இருவர் அடிப்படையில் பிரெஞ்சு ஆசிரியர்கள். லித்துவேனியரான அல்ஜிர்தாஸ் கிரைமாஸும் பிரெஞ்சுக்காரரான ரோலான் பார்த்தும் 1949இல் எகிப்தின் அலெக்சாண்டிரியாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்து வந்தபோதுதான் பழகினர். பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர்களுக்கு அம்மொழியைச் சொல்லிக்கொடுத்த அனுபவம் இருவருக்கும் இருந்தது. இத்துறையை மொழி வகுப்புக்கு வெளியிலிருந்து வந்த இறக்குமதியாகக் கருதுவது ஆகவே சரியன்று.

கிரைமாஸ் 1966இல் வெளியிட்ட நூலில் எந்தக் கதையையும் ஆறு வினைப்பங்குகளாகப் பிரித்தார்: நாடுபவர், நாடப்படும் பொருள், அனுப்புபவர், பெறுபவர், துணை, எதிர். பார்த், 1970இல் பால்சாக்கின் 'சராசீன்' கதையை 561 துண்டுகளாக வெட்டி ஐந்து குறிமுறைகளால் வாசித்தார். கிரைமாஸ் 1976இல் மோப்பசானின் ஒரே ஒரு சிறுகதைக்கு ஒரு முழு நூலே எழுதினார். வகுப்பறைக்கு ஏற்றது கிரைமாஸின் முறையே. பார்த்தின் முறை தேர்ந்த வாசகருக்கானது.

மொழிக் கற்பித்தலில் இலக்கியத்தின் இடம் நிலையாக இருந்ததில்லை. 1953இல் வெளிவரத் தொடங்கிய கஸ்தோன் மோழேயின் பாடநூல் வரிசை மாணவரை இலக்கியத்தை நோக்கி அழைத்துச் சென்றது. பின்னர் வந்த ஒலி-ஒளி முறைகள் அன்றாட உரையாடலுக்கு முதலிடம் தந்து இலக்கியத்தைக் கடைசி ஆண்டுகளுக்குத் தள்ளின. ழான் பேத்தாரும் உடன் ஆய்வாளர்களும் 1982இல் வெளியிட்ட நூல், இலக்கியத்தைக் குறியியல் வழியே மொழி வகுப்புக்கு மீட்டது.

அதே 1982இல் திறனாய்வாளர் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' வெளிவந்து, இக்குறியியலுக்கு அடிப்படையான அமைப்பியல் சிந்தனையைத் தமிழ் வாசகருக்கு விரிவாக அறிமுகப்படுத்தியது. ஆயினும் தமிழ் மாணவருக்குக் குறி என்ற கருத்து முற்றிலும் புதியதன்று. திணையும் கருப்பொருளும், உள்ளுறையும் இறைச்சியும் பள்ளியிலேயே கேட்டுப் பழகியவை. புகையைக் கண்டு நெருப்பை அறியும் அனுமானத்தை மணிமேகலை விரித்துப் பேசுகிறது.

வட்டாரத் தொடர்பு

பிரெஞ்சுக்காரர் இப்பகுதிக்குப் படையோடு வந்தனர். 1751இல் பெரம்பலூருக்கு வடக்கே வாலிகண்டபுரம், ரஞ்சன்குடிக் கோட்டைப் பகுதியில் ஆர்க்காட்டு நவாப் பதவி கோரிய சந்தா சாகிபுடன் சேர்ந்து அவர்கள் போரிட, ஆங்கிலேயர் திருச்சி நோக்கிப் பின்வாங்கினர். மொழிக்கு அதனால் விளைந்தது ஒன்றுமில்லை.

மொழித்தொடர்பு கொள்ளிடக் கரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் தொடங்குகிறது. இத்தாலியில் 1680இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்னும் வீரமாமுனிவர் அங்கு அடைக்கல மாதா ஆலயத்தை எழுப்பி, அவ்வூரைத் திருக்காவலூர் என்றழைத்து, அதன்மேல் கலம்பகமும் பாடினார். தேம்பாவணியும் சதுரகராதியும் தந்த அவர் பரமார்த்த குரு கதையைத் தமிழிலும் இலத்தீனிலும் எழுதினார். ஆங்கிலேயரான பாபிங்டன் 1822இல் லண்டனில் அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டார். புதுச்சேரியிலும் மைசூர்ப் பகுதியிலும் முப்பதாண்டுகள் வாழ்ந்து திரும்பிய பிரெஞ்சு மதகுரு அபே துபுவா, 1826இல் பாரிசில் பஞ்சதந்திரத்தோடு சேர்த்து அதைப் பிரெஞ்சில் வெளியிட்டார்.

கதையின் குறியியல் வாசிப்பு

பரமார்த்த குரு கதை முழுதும் குறிகளைத் தவறாக வாசிப்பவர்களின் கதை. குருவும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடரும் ஆற்றங்கரைக்கு வருகின்றனர். ஆறு உறங்கும்போதுதான் கடக்க வேண்டும் என்பது குருவின் கட்டளை. சீடன் ஒருவன் எரிகிற கொள்ளிக்கட்டையை நீரில் வைக்கிறான், சீறிப் புகைகிறது, ஆறு விழித்திருக்கிறது என்று ஓடிவருகிறான். பின்னர் அணைந்த அதே கட்டையை வைத்துப் பார்க்கின்றனர்; சத்தமில்லை; உறங்கிவிட்டது என்று முடிவுகட்டிக் கடக்கின்றனர். புகை சுட்டுவது நெருப்பை. இவர்கள் அதை ஆற்றின் கோபத்துக்குக் குறியாக்குகின்றனர். கிரைமாஸின் பங்குகளில் இங்கே 'எதிர்' என்ற இடத்தில் நிற்கும் ஆறு, பாத்திரங்களின் வாசிப்பில் மட்டுமே எதிரி.

அக்கரை சேர்ந்ததும் எண்ணுகின்றனர். எண்ணுபவன் தன்னை விட்டுவிடுவதால் ஆறு பேர் ஐந்தாகின்றனர். ஒருவரை ஆறு விழுங்கிவிட்டதென்று அழுகை. இருப்பது, தோன்றுவது என்ற இரண்டையும் குறுக்கே வைத்து நான்கு நிலைகளைக் காட்டும் கிரைமாஸின் சதுரத்தை விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஆற்றின் விழிப்பு தோன்றுகிறது, இல்லை: அது மாயை. ஆறாவது ஆள் இருக்கிறான், தோன்றவில்லை: அது மறைவு. மாடு தந்த நிழலுக்கும் வாடகை கேட்கும் இன்னொரு கதை, பொருளையும் அதன் சாயலையும் ஒரே விலைக்கு நிறுத்துகிறது.

மொழிப்பயனும் நேரடியானது. பிரெஞ்சுக் கதையாடலில் நிலைமையைச் சொல்லும் 'அம்பர்ஃபே' காலமும் நிகழ்ச்சியைச் சொல்லும் 'பாஸே சாம்ப்ள்' காலமும் தனித்தனி. தமிழ் இறந்தகாலம் இவ்விரண்டையும் வினைமுற்றில் இப்படிப் பிரிப்பதில்லை. மாணவர் இடறும் இடம் இது. ஆறு உறங்கிக்கொண்டிருந்தது ஒரு நிலை, கட்டை சீறியது ஒரு நிகழ்ச்சி என்று இரு நிறங்களில் அடிக்கோடிட்டால் இலக்கணமும் கதையமைப்பும் ஒருசேரப் பிடிபடும். கதை முன்பே தெரிந்தது என்பதால் மாணவரின் கவனம் முழுதும் மொழியின்மேல் நிற்கும். பாரிஸ் வீதிகளையும் காபிக் கடைகளையும் பற்றிய பாடத்தில் பெரம்பலூர் மாணவருக்கு இந்த வசதி இல்லை. சூழலும் புதிது, சொல்லும் புதிது.

இன்றைய நிலை

தமிழகத்தில் மேல்நிலை மாணவர் பலர் மதிப்பெண் கருதிப் பிரெஞ்சை எடுக்கின்றனர். கல்லூரி நிலையில், இவ்விரு மாவட்டங்களின் கலை, அறிவியல் கல்லூரிகள் 1982இல் நிறுவப்பட்ட திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவை.