படுவான்கரை வயல்களும் காற்றேறும் நஞ்சும் – ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்புப் பிரதேசத்தை வடக்குத் தெற்காக ஊடறுத்துக் கிடக்கும் வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். மேற்கே விரிந்த படுவான்கரையில் நெல்வயல்கள் பரந்து கிடக்கின்றன. எழுவான்கரையிற் குடியிருந்து படுவான்கரையில் வேளாண்மை செய்தல் இப்பிரதேச வாழ்வின் நெடுங்கால ஒழுங்குகளுள் ஒன்று. இவ்வாறு வயலும் வாவியும் குடியும் அடுத்தடுத்து அமைந்த நிலத்தில், வயலில் நிகழ்வது வயலோடு முடிவதில்லை. அங்குத் தெளிக்கப்படும் பீடைநாசினி நீர்வழியாகவும் காற்றுவழியாகவும் வெளியேறுகின்றது. காற்றுவழிச் செல்லும் நஞ்சு எவ்வாறு ஒரு பிரச்சினையாயிற்று, அதனைக் குறைக்கும் முயற்சிகள் எங்கே பயன் தந்தன, எங்கே தவறின என்பனவே இக்கட்டுரையின் பொருளாகும்.

இலங்கைக் கிராமத்தவருக்குத் தெளிகருவியைப் பெருமளவில் அறிமுகப்படுத்தியது கமத்தொழில் அன்று; சுகாதாரப் பணியேயாகும். 1934–35 ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயை நாடு மறந்திருக்கவில்லை. 1946 இல் வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.ரி. தெளிக்கும் இயக்கம் பரந்த அளவில் தொடங்கிற்று. 1963 இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. பின்னர், 1967 தொடக்கம் நோய் மீண்டும் தலைதூக்கியதெனினும், தெளிக்கப்படுவது உயிர்காப்பது என்ற எண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்றிவிட்டது. வயலுக்குத் தெளிப்பதையும் மக்கள் 'மருந்தடித்தல்' என்றே வழங்கினர். நஞ்சுக்கு மருந்து என்று பெயரிட்ட மொழிவழக்கு அச்சத்தையும் உடன் நீக்கிவிட்டது எனலாம்.

வயலுக்கு நஞ்சு வந்த வரலாறு நெல்லினங்களின் வரலாற்றோடு பிணைந்தது. 1949 இல் அமைக்கப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபையின் பணிகளால், அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியில் நீர்ப்பாசன நிலம் பெரிதும் விரிந்தது. அப்பகுதி 1961 இல் அம்பாறை மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. 1958 இல் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட எச்-4 இனமும், எழுபதுகளில் வந்த குட்டையான பி.ஜி. இனங்களும் இரசாயன உரத்தை ஏற்று மிகுந்த விளைவு தந்தன. ஆனால் உரமுண்டு நெருங்கி வளர்ந்த பயிர் பூச்சிக்கும் நல்விருந்தாயிற்று. அவற்றுள் கொடியது, கமக்காரர் அறக்கொட்டியான் என வழங்கும் கபிலநிறத் தத்தியாகும்.

இப்பூச்சி நெற்பயிரின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருந்து சாற்றை உறிஞ்சுவது. மேலிருந்து தெளிக்கும் துளிகளுள் மிகச் சிலவே அங்குச் சென்றடையும். அதன் முட்டைகளோ இலையுறையின் உள்ளே பாதுகாப்பாக உள்ளன. வெளியே திரியும் சிலந்திகளும் பிற இரைகௌவிகளுமே முதலில் மடிகின்றன. பகைவர் மடிந்த வயலில் முட்டை பொரித்து வெளிவரும் தத்தி தடையின்றிப் பெருகுகின்றது. பெருகக் கண்டு மீண்டும் தெளிக்கின்றனர். இந்தோனேசியா இவ்வுண்மையை உணர்ந்து 1986 இல் நெல்லுக்குப் பயன்பட்ட 57 பூச்சிநாசினிகளைத் தடைசெய்தது. காற்றேறும் நஞ்சின் அளவு கருவியின் குறையால் மட்டுமன்றி, தேவையற்ற தெளிப்பினாலும் பெருகுகின்றது என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

துளி காற்றேறும் முறையை ஒரு கணக்கு விளக்கும். ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு விட்டமுள்ள துளி ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழ ஏறத்தாழ நான்கு செக்கன் எடுக்கும். நூறிலொரு பங்கு விட்டமுள்ள துளிக்கோ ஐந்து நிமிடத்துக்கு மேலாகும். மணிக்கு 5 கிலோமீற்றர் வேகமுள்ள மென்காற்றில் முன்னையது 5 மீற்றர் தூரமும், பின்னையது 450 மீற்றருக்கு மேலும் செல்லும். தெளிகருவியின் அமுக்கம் கூடுந்தோறும், குழாய்வாயின் துளை சிறுக்குந்தோறும் நுண்துளிகள் மிகுகின்றன.

இங்கே பிரதேசத்தின் காற்றையும் கருதுதல் வேண்டும். சிறுபோகக் காலத்தில் மேற்கிலும் தென்மேற்கிலுமிருந்து வீசும் கச்சான் வெப்பமும் வறட்சியும் மிக்கது. அது துளியிலுள்ள நீரை உறிஞ்சி அதனை மேலும் சிறிதாக்குகின்றது. சிறிதானதைப் படுவான்கரையிலிருந்து வாவியை நோக்கித் தள்ளுகின்றது. அதே வறண்ட காலத்திலேயே மணற்றிட்டு வளர்ந்து வாவியின் முகத்துவாரம் அடைபடுவதுண்டு. கடலோடு கலவாத நீரில் விழுந்தது அங்கேயே தங்குகின்றது. மீனுக்கும் இறாலுக்கும் இது எத்தகைய கேடு என்பதை வாவியை நம்பி வாழும் மீனவர் குடும்பங்களுக்கு எடுத்துக் கூற வேண்டியதில்லை.

வாவியினும் அண்மையில் நிற்பவன் தெளிப்பவனே. போடியார், முல்லைக்காரன், கூலியாள் என அமைந்த பழைய வேளாண்மை ஒழுங்கில் நிலமுடையவர் தொலைவில் வாழ்ந்தார். சேற்றில் நின்றவர் கூலியாளே. ஏக்கர்க் கணக்கிலோ தாங்கிக் கணக்கிலோ கூலி பேசப்படும் இடத்தில், காற்று அடங்கும்வரை காத்திருப்பவன் தன் கூலியை இழக்கின்றான். எனவே காற்றுக்கெதிரே தெளிப்பதை அறியாமை என்று மட்டும் கூறிவிடுதல் நியாயமன்று. கூலி முறையும் அதற்குக் காரணமாகும்.

அரசின் கவனத்தை ஈர்த்தது காற்றேறிய நஞ்சன்று, குடித்த நஞ்சேயாகும். பேராசிரியர் ஜெயரத்தினமும் பிறரும் 1982 இல் வெளியிட்ட ஆய்வு, ஆண்டுதோறும் ஏறத்தாழ 13,000 பேர் பீடைநாசினி நஞ்சேறி மருத்துவமனைகளிற் சேர்க்கப்படுவதையும் அவருள் ஏறத்தாழ 1,000 பேர் இறப்பதையும் காட்டிற்று. அவற்றுட் பெரும்பாலானவை தற்கொலை முயற்சிகள். 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் பதிவின்றி எந்த நஞ்சும் விற்கப்படலாகாது என விதித்தது. 1995 அளவில் மிகக்கொடிய வகை நஞ்சுகளும், 1998 இல் மீனினத்துக்குப் பெருங்கேடான என்டோசல்பானும் விலக்கப்பட்டன. 1995 இல் உச்சத்திலிருந்த தற்கொலை வீதம் அடுத்த பத்தாண்டில் ஏறத்தாழ அரைவாசியாயிற்று. கொடிய நஞ்சு கடையில் இல்லாதபோது அது காற்றிலும் இல்லை என்பதால், தெளிப்பவனும் இச்சட்டத்தாற் பயனடைந்தான். எனினும் சட்டத்தின் பிடி கடைவாசலோடு பெரும்பாலும் தளர்ந்துவிடுகின்றது. போத்தலுக்குள் இருப்பதை அது அறியும். குழாய்வாயிலிருந்து புறப்படுவது எங்கே செல்கின்றது என்பதை அறிவதற்கு வயலில் ஆளில்லை. அறிவுரை கூறவேண்டிய காலத்திற் போர் நிலவிற்று. 2007 இற் படுவான்கரை மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர்.

முற்றாகத் தடைசெய்தலே தீர்வு என்பாரும் உளர். 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தினதும் பீடைநாசினியினதும் இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டது. மாற்றுவழி கற்பிக்கப்படாத கமக்காரர் விளைச்சலை இழந்தனர். அவ்வாண்டு நவம்பரிலேயே தடை கைவிடப்பட்டது. நல்ல கருவி வந்தாற் போதும் என்பாரின் கூற்றும் முழுமையானதன்று. தேவையின்றித் தெளிப்பவன் நல்ல கருவியாலும் தேவையின்றியே தெளிப்பான்.

ஆகவே வழி இரண்டுக்கும் இடையிலுள்ளது. முதலாவது, தெளிப்பதன் முன் பயிரின் அடியைப் பார்த்துப் பூச்சியையும் அதன் பகைவரையும் எண்ணுதல், தாங்குதிறனுள்ள இனத்தைப் பயிரிடுதல், நெருக்கமாக விதையாதிருத்தல், தத்தி கண்டவிடத்து நீரை வடித்தல். இரண்டாவது, தெளிக்கவே வேண்டின் பருந்துளி தரும் குழாய்வாயைக் குறைந்த அமுக்கத்தில், பயிருக்கு அண்மையிற் பிடித்தல். கச்சான் ஓங்கிய வேளையைத் தவிர்த்து, கடலிலிருந்து நிலம் நோக்கி மெல்லெனக் காற்று வீசும் நேரத்தைத் தெரிதல். வாவியோரத்தில் ஒரு பட்டியைத் தெளிக்காது விடுதல். காற்றே அசையாத விடியற்பொழுதும் ஏற்றதன்று. நுண்துளி கலையாது தாழ மிதந்து எதிர்பாராத திசையிற் செல்லும். மூன்றாவது, காத்திருந்த நேரத்துக்கும் கூலி வழங்குதல். இம்மூன்றாவதைக் கமக்காரர் அமைப்புகள் தம் பருவக் கூட்டங்களிலேயே தீர்மானிக்கலாம்; அதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. கூலியாளின் மூச்சும் மீனவனின் வலையும் ஒரே காற்றைச் சார்ந்திருக்கும் பிரதேசத்தில், அத்தீர்மானம் இனியும் பிற்போடத்தக்கதன்று.